போன் இருந்தா போதுமா? ரங்கூன்ல இருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூன்ல இருந்து எழுதுறேன். வயசு 62. பயின்னாங் பருப்பு மார்க்கெட்ல ஒரு கடையில முப்பது வருசத்துக்கு மேல கணக்கு எழுதிக்கிட்டு இருக்கேன். உங்க பேப்பரை சென்னையில இருக்கிற என் தங்கச்சி மக போன்ல அனுப்பி வைப்பா, காலைல கடை தொறக்கறதுக்கு முன்னாடி டீ குடிச்சிக்கிட்டே படிச்சிடுவேன். போன வாரம் யுபிஐ பத்தி நீங்க போட்ட கட்டுரையை ரெண்டு தடவ படிச்சேன். பூ விக்கிற அம்மா, இளநி வண்டி, ஆட்டோன்னு எல்லார்கிட்டயும் கியூஆர் அட்டை வந்திடுச்சு, இனிமே போன் வச்சிருக்கிற எல்லார் கையிலயும் பேங்க் இருக்குங்கற மாதிரி எழுதியிருந்தீங்க. படிக்க சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க தெருவுல இட்லி விக்கிற அக்கா ஞாபகம் வந்து அன்னிக்குப் பூரா மனசு சரியில்ல. அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், எடம் இல்லாட்டி வெட்டிக்கங்க, ஆனா அந்த அக்கா பத்தின பகுதியை மட்டும் வெட்டிடாதீங்க.

மொதல்ல எங்க ஊர் எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடறேன், இல்லாட்டி பின்னாடி சொல்றது புரியாது. 2010 வாக்குல இங்க ஒரு சிம் கார்டு வாங்கணும்னா ஆயிரம் டாலருக்கு மேல ஆகும், நெசமாத்தான் சொல்றேன், எங்க முதலாளி கிட்ட மட்டும்தான் செல்போன் இருந்துச்சு, அதையும் பூஜை சாமான் மாதிரி துணில சுத்தி வச்சிருப்பாரு. 2014ல டெலினார், ஊரிடூன்னு ரெண்டு வெளிநாட்டு போன் கம்பெனி வந்து, எங்க ஊர் காசு கியாட்ல வெறும் 1,500க்கு சிம் குடுத்தாங்க. ஒரு வருசத்துல மூட்டை தூக்கற பையன் கையில கூட போன். ஆனா பேங்க்? உலக வங்கி 2017ல எடுத்த கணக்குப்படி பர்மாவுல பெரியவங்கள்ல நூத்துக்கு 26 பேர்கிட்டதான் ஏதாவது ஒரு கணக்கு இருந்துச்சு. மத்தவங்க எல்லாம் தங்கம் வாங்கி வைப்பாங்க, அரிசி டிரம்முல பொதைச்சு வைப்பாங்க, இல்ல சீட்டு கட்டுவாங்க.

ஏன் பேங்குக்கு போகலன்னு கேட்டா, போனவங்க பட்ட பாடு அப்படி. 1963ல பேங்க் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, மக்கள் பேங்க் நம்பர் 1, நம்பர் 2ன்னு 24 வரைக்கும் பேர் மாத்தி வச்சாங்க. 1964ல 50, 100 கியாட் நோட்டு செல்லாது. 1985ல திரும்ப 100 செல்லாது, அதுக்கு பதிலா 75 கியாட் நோட்டு, அடுத்த வருசம் 15, 35ன்னு கேட்டாலே தலை சுத்துற நோட்டெல்லாம் வந்துச்சு. அப்புறம் 1987 செப்டம்பர் 5ஆம் தேதி, 25, 35, 75 நோட்டு மூணுமே செல்லாதுன்னு அறிவிப்பு. மாத்திக்க ஒரு நாள் கூட தரல, பதிலுக்கு ஒரு காசு தரல. உங்க ஊர்ல 2016 நவம்பர்ல 500, 1000 செல்லாதுன்னு சொன்னப்ப பேங்குல போட்டு மாத்திக்கவாவது முடிஞ்சுது, எங்களுக்கு அதுவும் இல்ல. எனக்கு அப்ப 24 வயசு. என் தங்கச்சி கல்யாணத்துக்கு அம்மா சேர்த்து வச்சது பூரா 75 கியாட் நோட்டு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல சுருட்டிச் சுருட்டி வச்சிருந்தாங்க. அம்மா அழல, ஒவ்வொரு நோட்டா எடுத்து தரையில வச்சு கையால தேச்சு நீவி அடுக்கினாங்க, நாளைக்கே மறுபடி செல்லும்னு யாரோ சொல்லப் போறாங்கங்கற மாதிரி. கல்யாணம் ரெண்டு வருசம் தள்ளிப் போச்சு. 2003ல தனியார் பேங்குகள்ல போட்ட காசு போயிடும்னு பயந்து எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்க ஓடுனப்ப நான் கணக்குப்பிள்ளையா அதையும் பார்த்தேன், பாஸ்புக்கை கையில பிடிச்சிக்கிட்டு ஜனங்க மணிக்கணக்குல வெயில்ல நின்னாங்க.

இப்படிப்பட்ட ஊர்ல 2016ல மொபைல் பணத்துக்குன்னு விதி வந்து வேவ் மணி ஆரம்பிச்சப்ப, நான் உண்மையிலயே நம்பல. ஆனா வேலை செஞ்சுச்சு சார். மஞ்ச போர்டு போட்ட வேவ் கடை மூலைக்கு மூலை வந்துச்சு. ரங்கூனுக்கு மேற்கால லைங்தாயான்னு ஒரு பகுதி இருக்கு, பூரா தையல் பேக்டரிதான், கீழ டெல்டா பக்கத்துல இருந்து வந்த பொண்ணுங்க ஆயிரக்கணக்குல அங்க வேலை பார்க்கறாங்க. முன்னாடி அந்த பொண்ணுங்க சம்பளத்தை ஊருக்கு அனுப்பணும்னா பஸ் கண்டக்டர் கிட்ட கவர்ல போட்டு குடுக்கணும், பாதி சமயம் கவர் போய்ச் சேரும், பாதி சமயம் பஸ்ஸே போய்ச் சேராது. வேவ் வந்தப்புறம் கடைக்காரன் கிட்ட காசை குடுத்தா ஒரு ரகசிய நம்பர் வரும், அந்த நம்பரை அம்மாவுக்கு போன்ல சொன்னா ஊர்ல இருக்கிற வேவ் கடையில அஞ்சு நிமிசத்துல காசு. பேங்க் கணக்கு வேணாம், ஸ்மார்ட்போன் கூட வேணாம். அதுக்கப்புறம் கேபிஇசட் பேங்கோட போன் ஆப், கேபிஇசட் பே வந்துச்சு, நாங்க கேபேன்னு சொல்றது, கடைக்கு கடை கியூஆர் ஒட்டுனாங்க. எங்க மார்க்கெட்ல ஒரு லாரி உளுந்துக்கு காசு எண்ணி முடிக்க ரெண்டு பேர் முக்கால் மணி நேரம் உக்காருவோம், விரல் நுனியெல்லாம் கறுத்துப் போகும், இப்ப டிங்னு ஒரு சத்தம், முடிஞ்சுது. (உளுந்துன்னதும் சொல்லணும், 2021ல ரெண்டு அரசும் பண்ணிக்கிட்ட ஒப்பந்தப்படி வருசத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் அஞ்சு வருசத்துக்கு இங்க இருந்து இந்தியாவுக்கு வரலாம்னு வச்சாங்க, நீங்க சென்னையில சாப்பிடற இட்லியில எங்க பர்மா உளுந்து நிச்சயம் இருக்கும்.)

அதனால நான் டெக்னாலஜி வேணாம்னு சொல்ற ஆள் இல்ல, அதை நல்லா எழுதிக்கங்க. என் மகன் மலேசியாவுல கிள்ளான்ல வேலை பார்க்கறான். அவன் அங்க ஒரு ஆள் கிட்ட ரிங்கிட் குடுப்பான், இங்க ஒரு மணி நேரத்துல என் போனுக்கு கேபேல கியாட் வந்து விழும். இதுக்கு பர்மாக்காரங்க ஹுண்டின்னு சொல்வாங்க, கோயில் உண்டியல் இல்ல, நம்ம பழைய வியாபார உண்டியல் சீட்டுதான் அது. எங்க தாத்தா காலத்துல ரங்கூன்ல குடுத்த காசுக்கு காரைக்குடியில உண்டியல் மாத்துவாங்க, காகிதமும் கையெழுத்தும் போய்ச் சேர கப்பல்ல ஒரு வாரத்துக்கு மேல ஆகும், இப்ப அதே உண்டியல் போன்ல ஓடுது.

தாத்தா பேச்சு வந்துட்டதால ஒரு விசயம் சொல்றேன், நான் பெருமைக்காக சொல்லல. அவரு ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வந்தவரு, டெல்டாவுல இருக்கிற பியாப்போன்ல ஒரு செட்டியார் வட்டிக்கடையில சமையல் வேலை. 1930 வாக்குல வெள்ளைக்காரன் நடத்துன பேங்க் விசாரணை கமிட்டி கணக்குப்படி பர்மா பூரா சுமார் 1,650 செட்டியார் கடை இருந்துச்சு, அதுல போட்ட மொதல் 75 கோடி ரூபா. தவணை, நடப்பு, உண்டியல்னு வட்டிக்கடை வார்த்தை எல்லாம் அப்ப ரங்கூன்ல தினசரி பேச்சு. மொகல் தெருவுல இருந்த கோயில்ல செட்டியாருங்க மாசா மாசம் கூடி வட்டி இவ்வளவுன்னு முடிவு பண்ணுவாங்க, ஊர் பூரா அந்த வட்டிதான். தாத்தா சொல்வாரு, கடன் கேட்டு வர்ற பர்மாக்கார விவசாயியை மேலாள், அதாவது கடையை நடத்துற ஏஜென்ட், மொதல்ல உக்கார வைப்பாரு, எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, பெரிய பையன் என்ன பண்றான், போன வருசம் வெள்ளத்துல எவ்வளவு போச்சுன்னு பர்மா பாஷையிலயே விசாரிப்பாரு, அப்புறம்தான் பொட்டியை தொறப்பாரு. வெள்ளைக்காரன் பேங்க் எதுவும் அந்த விவசாயியை வாசப்படி ஏற விடாது, செட்டியார் கடை ஏத்துச்சு. அதே சமயம் அடுத்த பாதியையும் சொல்லணும். 1930ல நெல் விலை விழுந்துச்சு, வாங்குன கடனை யாராலயும் கட்ட முடியல, நிலம் கைமாறுச்சு. கீழ் பர்மாவுல நெல் விளையிற 13 ஜில்லாவுல 1930ல நூத்துக்கு 6 பங்கு நிலம் செட்டியாருங்க கையில, 1937ல 25 பங்கு. அந்த கோபம் இந்தியன் எல்லார் மேலயும் திரும்புச்சு, இன்னைக்கும் இங்க செட்டின்னா நல்ல வார்த்தை இல்ல. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப ஜனங்க நடந்தே அசாம் பக்கம் போனாங்க, 1948ல நில சட்டம் வந்துச்சு, எல்லாம் முடிஞ்சுது. அதனால அதை பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மேலாளுக்கு எதிர்ல உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியும். இன்னைக்கு போன்ல இருக்கிற பேங்குக்கு தெரிஞ்சது ஒரே ஒண்ணு, அட்டை நம்பர். அது சரியா இருந்தா நீங்க மனுசன், இல்லாட்டி நீங்க இல்லவே இல்ல.

இப்ப 2021க்கு வர்றேன். பிப்ரவரில ராணுவம் ஆட்சியை எடுத்துக்கிட்ட உடனே ஜனங்க பேங்குல இருந்து காசை எடுக்க ஓடுனாங்க. மார்ச்ல மத்திய வங்கி கட்டுப்பாடு போட்டுச்சு, ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 20 லட்சம் கியாட், கம்பெனிக்கு 2 கோடி. காகிதத்துல அவ்வளவு, ஆனா மெசின்ல காசு இருந்தாத்தானே. எங்க ஏரியாவுல ஒரு பேங்க், பேர் வேணாம், காலைல 15 பேருக்கு டோக்கன் குடுப்பான், அதுக்கு ராத்திரியே செருப்பை வரிசையா போட்டு எடம் பிடிப்பாங்க. நானும் செருப்பு போட்டிருக்கேன். கடையில மூட்டை தூக்கற 11 பேருக்கு சனிக்கிழமை கூலி குடுக்கணும், கணக்குல காசு கோடியில இருக்கு, கையில குடுக்க நோட்டு இல்ல. மார்ச் 15ல இருந்து மொபைல் இன்டர்நெட்டையும் நிறுத்திட்டாங்க, அப்ப கேபேயும் ஓடல.

அப்பதான் நான் என் வாழ்க்கையில பார்க்காத ஒண்ணைப் பார்த்தேன், ஒரே கியாட்டுக்கு ரெண்டு விலை. பே காசுன்னு ஒண்ணு, கை காசுன்னு ஒண்ணு. போன்ல இருக்கிற லட்சத்தை நோட்டா மாத்தணும்னா ஏஜென்ட் கமிசன் எடுப்பான், மொதல்ல நூத்துக்கு 2, அப்புறம் 3, 5. நான் ஒரு தடவ 8 குடுத்து மாத்தியிருக்கேன். ஏஜென்டை மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல, அவனும் எங்கேயோ நோட்டை விலை குடுத்துதான் வாங்கறான், பேங்குல நோட்டு வராதப்ப வெளில இருக்கிற நோட்டுக்கு கிராக்கி ஏறும், அவ்வளவுதான் கணக்கு. ஆனா அந்த கமிசனை யார் குடுத்தாங்கன்னு பாருங்க. எங்க முதலாளிக்கு பே காசே போதும், மொத்த வியாபாரிக்கு பேலயே அனுப்பிடுவாரு, அவருக்கு ஒரு பைசா நட்டம் இல்ல. சம்பளம் பேல வாங்கி, அரிசிக்கடையிலயும் வீட்டு வாடகைக்கும் நோட்டு கேக்கறாங்கன்னு மாத்தப் போனான் பாருங்க, அந்த மூட்டை தூக்கற ஆள், அவன்தான் குடுத்தான். கூலி அதே கூலி, கைக்கு வர்றப்ப கொறஞ்சு வந்துச்சு.

2025 மார்ச் 28ல பூகம்பம் வந்துச்சே, 7.7, மண்டலே சகாயிங் பக்கம் பூரா இடிஞ்சுது. என் மச்சினிச்சி குடும்பம் மண்டலேல. கரெண்ட் இல்ல, டவர் இல்ல, போன்ல எட்டு லட்சம் வச்சிக்கிட்டு ஒரு தண்ணி பாட்டில் வாங்க முடியாம ரோட்டுல உக்காந்திருந்தாங்களாம். அவ மாமியார் இடுப்பு முடிச்சுல வச்சிருந்த நோட்டுதான் நாலு நாளைக்கு ஓடுச்சு. இதுக்கு மேல இதைப் பத்தி சொல்ல எதுவும் இல்ல.

சரி, அக்கா கதைக்கு வர்றேன்.

அக்காவுக்கு 68 வயசு. பெகுல பொறந்தவங்க, புருசன் போயி பதினஞ்சு வருசம் ஆச்சு, பிள்ளைங்க இல்ல. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு மாவு ஊத்தி, ஆறு மணிக்கு தெருமுனையில ரெண்டு குண்டான், ஒரு சட்னி வாளி, ஒரு சாம்பார் வாளியோட உக்காந்திடுவாங்க. பர்மாக்காரங்கதான் பாதி வாடிக்கை, அவங்களுக்கு சட்னியில கொஞ்சம் வெங்காயத்தாளும் மொளகாய்த் தூளும் தூவிக் குடுப்பாங்க. இங்க சில்லறை நோட்டு பஞ்சம் ரொம்ப நாளா இருக்கு, 50, 100 கியாட்டெல்லாம் கண்ணுலயே படாது, பட்டாலும் கிழிஞ்சு செலோடேப் ஒட்டி இருக்கும், கடைக்காரங்க சில்லறைக்கு பதிலா மிட்டாய் குடுப்பாங்க. அதனால எல்லாரும் அக்கா கிட்ட பே இருக்கா பே இருக்கான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. இல்லன்னு சொன்னா பக்கத்துல மொய்ங்கா (மீன் கொழம்பு ஊத்துன நூடுல்ஸ்) விக்கிற கடைக்கு போயிடுறாங்க.

அக்காவுக்கு பே கணக்கு தொறக்க முடியாது. ஏன்னா அட்டை இல்ல. இங்க என்ஆர்சின்னு சொல்ற அடையாள அட்டை. இதை உங்க வாசகருங்களுக்கு கொஞ்சம் விளக்கணும். 1982ல வந்த குடியுரிமை சட்டப்படி 1823க்கு முன்னாடியே இந்த மண்ணுல இருந்த இனமா இருந்தா நீங்க தானா குடிமகன். நம்ம ஆளுங்க எல்லாம் வெள்ளைக்காரன் பிடிச்சப்புறம் கப்பல்ல வந்தவங்கதானே, அதனால தாத்தா எப்ப வந்தாரு, அப்பா அம்மாகிட்ட என்ன காகிதம் இருந்துச்சுன்னு நிரூபிக்கணும். முழு குடிமகனுக்கு ரோஸ் கலர், இணை குடிமகனுக்கு நீலம், இயல்பாக்கப்பட்ட குடிமகனுக்கு பச்சை. காகிதம் பத்திரமா வச்சிருந்த குடும்பத்துக்கு ரோஸ் கெடைச்சுது, எனக்கு கெடைச்சுது, நான் குறை சொல்ல மாட்டேன். அக்கா அப்பா வச்சிருந்த காகிதம் பெகுல ஒரு தீ விபத்துல வீட்டோட போச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ தடவ எழுதிப் போட்டாங்க, இன்னும் வரல. 68 வருசம் இந்த ஊரு தண்ணிய குடிச்சு, இந்த ஊரு பாஷைல கனவு கண்டு, ஒரு அட்டை இல்ல. நம்ம ஆளுங்கள்ல இப்படி அக்கா ஒருத்தர் மட்டும் இல்ல, காளி கோயில் அன்னதான வரிசையில போய் நின்னு கேட்டுப் பாருங்க.

மொதல்ல இந்த பே எல்லாம் வந்த புதுசுல சிம் இருந்தாலே சின்னதா ஒரு கணக்கு வச்சுக்கலாம், அளவு கம்மி, ஆனா நடக்கும். வர வர கெடுபிடி ஆச்சு. அட்டை ரெண்டு பக்கமும் போட்டோ எடு, மூஞ்சியை காமி, கண்ண சிமிட்டு, லெவல் டூ ஏறுன்னு சொல்றாங்க. களவு, மோசடிக் கணக்கு எல்லாம் இருக்கு, அதனால செய்யறாங்க, காரணம் எனக்கு புரியுது. அக்கா என்ன பண்ணாங்க, அவங்க அண்ணன் மகன் பேர்ல ஒரு கணக்கு, அவன் கியூஆரை ஒரு அட்டையில ஒட்டி சாம்பார் வாளிக்கு பக்கத்துல வச்சாங்க. பையன் நல்லவன். வாரத்துக்கு ஒரு தடவ அவன் காசை எடுத்து அத்தை கையில குடுத்திடுவான். மழைக்காலத்துல அக்கா அவன் கிட்டயே விட்டு வச்சாங்க, கூரை மாத்தணும்னு சேர்த்தாங்க. சேர்ந்தது 7 லட்சத்து 40 ஆயிரம் கியாட். உங்களுக்கு அது பெரிய தொகையா தெரியாது, அக்காவுக்கு அது தகரம், மரம், ரெண்டு ஆள் கூலி.

போன வருசம் அந்த பையன் கிளம்பிட்டான். இங்க வயசுப் பசங்க ஏன் கிளம்பறாங்கன்னு நான் எழுத வேண்டியதில்ல. தாய்லாந்து வழியா மலேசியாவுக்கு. வழியில போன் போச்சு, சிம் போச்சு. அங்க போய் புது போன்ல அந்த கணக்கை தொறக்கப் பார்த்தா பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகுது, அது இவன் கைக்கு வராது. கணக்கு பூட்டிக்கிச்சு.

அக்காவை கூட்டிக்கிட்டு அந்த கம்பெனி சேவை மையத்துக்கு நான் மூணு தடவ போனேன். கண்ணாடி கதவு, ஏசி, பொண்ணுங்க எல்லாம் ரொம்ப மரியாதையா பேசுனாங்க, அக்காவுக்கு தண்ணி குடுத்தாங்க, அதை மறக்க மாட்டேன். ஆனா பதில் ஒண்ணுதான், யார் பேர்ல கணக்கோ அவரு அட்டையோட நேர்ல வரணும். அவன் வெளிநாட்டுல இருக்கான், வீடியோல காட்டறேன்னேன். முடியாதாம். இவங்க அத்தைன்னு வார்டு ஆபீஸ்ல கடிதம் வாங்கிட்டு வர்றேன்னேன். அப்ப இவங்க அட்டையை குடுங்கன்னாங்க. அக்கா மடியில இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அதுக்குள்ள இருந்த காகிதத்தை எல்லாம் மேசை மேல ஒவ்வொண்ணா வச்சாங்க, கோயில் கல்யாண சீட்டு, புருசன் இறந்த சர்டிபிகேட், வீட்டு பட்டியல் நகல், எழுதிப் போட்ட மனுவோட ரசீது ஆறு. அந்த பொண்ணு எல்லாத்தையும் பொறுமையா பார்த்துட்டு திரும்ப அடுக்கி குடுத்துச்சு. எனக்கு எங்க அம்மா 75 கியாட் நோட்டை நீவி அடுக்கினது அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு சார்.

வெளில வந்து அக்கா பஸ் ஸ்டாப்புல உக்காந்து கேட்டாங்க, தம்பி, ஆவியில நான் வெந்து வித்த காசு, அது எப்படி தம்பி என் காசுன்னு காட்ட முடியாம போகும்னு. எனக்கு பதில் தெரியல. நான் கணக்குப்பிள்ளை, பற்று வரவு எழுதறவன், அந்த கணக்குல வரவு ஒவ்வொண்ணும் அக்கா இட்லியிலதான் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். மெசினுக்கு தெரியாது, மெசினுக்கு தெரிய வைக்க ஒரு வழியும் வைக்கல.

கடன் விசயமும் இதேதான். தகரம் வாங்க அக்கா கடன் வாங்கணும்னா எங்க போவாங்க? 2011ல குறுங்கடன் சட்டம் வந்துச்சு, வட்டி வருசத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு அப்ப வச்சாங்க, அஞ்சு பேர் குழுவா சேர்ந்தா குடுப்பாங்க, அதுக்கும் அட்டை. அடகுக் கடைக்கு போக நகை வேணும். கடைசியில நாள் வட்டிக்காரன்தான், அவன் மட்டும்தான் அட்டை கேக்க மாட்டான், பத்தாயிரம் குடுத்தா, தினம் தினம் வந்து கொஞ்சம் கொஞ்சமா மொத்தம் பன்னெண்டாயிரமா வாங்கிக்குவான். போன்ல வர்ற புது வசதி எல்லாம் அட்டை இருக்கிறவனுக்கு சுலபமாக்குது, இல்லாதவனை பழைய எடத்துலயே விடல, அதைவிட பின்னாடி தள்ளுது. ஏன்னா முன்னாடி எல்லாரும் நோட்டுலதான் இருந்தோம், அக்காவும் நோட்டு, வாடிக்கையும் நோட்டு. இப்ப வாடிக்கை போனுக்கு போயிட்டான்.

உங்க ஊர்ல யுபிஐ 2016ல வந்தப்பவே அதுல சேர்ந்த எந்த பேங்க் கணக்குல இருந்தும் எந்த ஆப்லயும் அனுப்பலாம்னு வச்சாங்க, அது பெரிய விசயம். எங்க கிட்ட ரொம்ப நாளைக்கு ஒரு கம்பெனி பேல இருந்து இன்னொரு கம்பெனி பேக்கு நேரா அனுப்ப வழியில்ல, நடுவுல ஒரு ஏஜென்ட், அவனுக்கு ஒரு கமிசன். அந்த வகையில நீங்க எவ்வளவோ முன்னாடி இருக்கீங்க, நான் பாராட்டறேன். லோன் ஆப் தொல்லைக்கும் உங்க ரிசர்வ் பேங்க் 2022ல விதி போட்டதா படிச்சேன், அந்த காசு நேரா கடன் வாங்குறவன் கணக்குக்குத்தான் போகணும்னு. நல்லது. ஆனா அந்த கணக்கே இல்லாதவன்? உங்க ஊர்லயும் இருப்பாங்கல்ல. ஈழத்துல இருந்து வந்து தமிழ்நாட்டு முகாம்ல முப்பது நாப்பது வருசமா இருக்கிற சனங்க இருக்காங்க. ஆதார்ல விரல் ரேகை விழாத கொத்தனாரு, பாத்திரம் தேச்சு ரேகை அழிஞ்ச அம்மா இருக்காங்க. எங்க பர்மாவுல இருந்து 1964க்கு அப்புறம் கப்பல்ல திரும்பி வந்த சனங்க கூட மொதல்ல கையில பெருசா ஒண்ணும் இல்லாமத்தான் சென்னை துறைமுகத்துல இறங்குனாங்க, பர்மா பஜார்ல பிளாட்பாரத்துல கடை போட்டப்ப அவங்களை நம்பி சரக்கு குடுத்தது மூஞ்சி தெரிஞ்ச மனுசங்கதான்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அட்டை இல்லாதவங்களுக்கு அவங்க பேர்லயே ஒரு சின்ன கணக்கு, தினம் இவ்வளவுக்கு மேல போகாதுன்னு அளவு வச்சுக்கட்டும், வார்டு ஆபீஸ் கடிதமோ கோயில் கமிட்டியோ மசூதி கமிட்டியோ ரெண்டு கடைக்காரன் சாட்சியோ போதும்னு வைக்கட்டும். தினம் முப்பதாயிரம் கியாட்டுக்கு இட்லி விக்கிற ஒரு பொம்பளையால எந்த கள்ளப்பணமும் ஓடாது. அப்புறம் ஒவ்வொரு டவுன்ஷிப்லயும் ஒரு ஆள், மெசின் இல்ல, ஆள், உக்காந்து விசாரிச்சு முடிவு சொல்ற அதிகாரத்தோட ஒரு ஆள். அந்த பழைய மேலாள் கேட்ட கேள்வியை கேக்கட்டும், நிலத்தை மட்டும் எழுதி வாங்க வேணாம்.

இதை எங்க ஊர் ஆபீஸ்களுக்கு எழுதி நான் களைச்சுப் போயிட்டேன், உங்களுக்கு ஏன் எழுதறேன்னா, தமிழ்ல இதைப் பத்தி எழுதறவங்க எல்லாம் இன்னும் ஆச்சரியத்துலயே நிக்கிறீங்க, போன்ல காசு போகுதுங்கற ஆச்சரியம். அடுத்த கட்டுரை எழுதறப்ப உங்க நிருபர் ஒருத்தர், ஒரு அட்டையும் இல்லாத ஒருத்தரை கூட்டிக்கிட்டு ஒரு நாள் பூரா அலைஞ்சு பார்த்துட்டு எழுதட்டும். எந்த வாசல்ல நிறுத்தறாங்க, என்ன கேக்கறாங்க, அவங்க மடியில இருந்து என்ன காகிதம் எல்லாம் வெளில வருதுன்னு எழுதட்டும்.

அக்கா இப்ப கியூஆர் அட்டையை எடுத்துட்டாங்க. சில்லறை இல்லாதவங்க பேரை ஒரு நோட்டுல எழுதிக்கறாங்க, அவங்களுக்கு எழுதத் தெரியாது, அதனால சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வர்றப்ப அவங்க மனசுல வச்சிருக்கிறதை சொல்லச் சொல்ல நான் எழுதறேன். நேத்து 23 பேரு. யார் பேரையும், எத்தனை இட்லிங்கறதையும் அவங்க இதுவரைக்கும் ஒரு தடவ கூட தப்பா சொன்னதில்ல. கூரை இன்னும் மாத்தல, இந்த மழைக்கு என் கடையில இருந்து பழைய சாக்கும் தார்பாயும் எடுத்துட்டுப் போய் மேல போட்டு கயிறு கட்டியிருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு கணக்குப்பிள்ளை,
ரங்கூன்.

(பேர் போட வேணாம் சார்.)